மூட்டமும் தேக்கமும்: வகுப்பறைக் காற்றை அளப்பதும் அதற்குப் பெயரிடுவதும்



மொழியியல் பயின்ற ஒருவன் காற்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் இலக்கண மரபு பேச்சொலியைக் காற்றிலிருந்தே தொடங்குகிறது. உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. ஒலியை ஆராய்ந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்த நான், அதற்கு முதலான வளியை ஓய்வுக்குப் பின்னரே கவனிக்கத் தொடங்கினேன். காலங்கடந்த செயல்தான், ஆயினும் தொடர்பற்ற செயலன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் புகை புதிதன்று. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற்சூளையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். யாப் குவான் செங் இங்கே சூளைகளை நிறுவினார். அந்தப் புகையை அளக்க அன்று கருவியில்லை. அதைச் சுவாசித்தவர்களின் இருமலைக் குறித்து வைத்தவர்களும் அரியர்.

நம் காலத்தில் அளவை வந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்தமையால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் மீண்டும் சூழ்ந்தபோது, சிலாங்கூரில் பள்ளிகள் மூடப்பட்டன.

அவ்வாண்டு நிகழ்ந்த ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிள்ளானில் எங்கள் அடுக்ககத்தில் வாழும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். அவர் பேரனுக்கு இழுப்பு உண்டு. "ஐயா, நீங்க படிச்சவங்க. சன்னலைச் சாத்தணுமா, திறக்கணுமா?" என்று கேட்டார். "சாத்துங்கள் அம்மா, காற்று கெட்டிருக்கிறது" என்றேன். அவர் எல்லாவற்றையும் சாத்தினார். ஐவர் ஒரே அறையில் அடைந்திருந்தனர். காற்று கெட்டிருக்கிறது என்றேனல்லவா? அதைத் தூய்மைப்படுத்த மாலைதோறும் சாம்பிராணியும் போட்டார். மூன்றாம் நாள் இரவு பையனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அவன் நலமாகத் திரும்பினான். அவனுக்கு மூச்சு முட்டியதற்கு எது காரணம் என்று அறுதியிட்டுக் கூற நான் மருத்துவன் அல்லன். ஆயினும் என் விடை அரை விடை என்பதை உணர்ந்தேன். "காற்று கெட்டிருக்கிறது" என்ற ஒரு தொடரால் மூன்று வேறு செய்திகளை மூடிவிட்டேன்.

பின்னர், பணியிடப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் என் மருமகன் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் கொடுத்தான். அதன் திரையில் இரண்டு எண்கள் முதன்மையானவை. ஒன்று நுண்துகள்களின் அளவு. பி.எம். 2.5 எனப்படும் இத்துகள்கள் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் சிறிய விட்டமுடையவை; நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. கருவிக்குள் செல்லும் காற்றின்மீது லேசர் ஒளி விழ, துகள்கள் அதைச் சிதறடிக்கின்றன. சிதறலைக் கொண்டு அளவு கணிக்கப்படுகிறது. மற்றொன்று கரிவளி. இவ்வளி அகச்சிவப்பு ஒளியின் குறிப்பிட்ட அலைநீளத்தை உறிஞ்சும் இயல்புடையது. எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு அளவு அறியப்படுகிறது.

திறந்த வெளியில் கரிவளி பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. ஆகவே அறைக்குள் இவ்வெண் உயர்ந்தால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் உள்ளிழுக்கிறார் என்று பொருள். மியூனிக் நகரத்து மாக்ஸ் பெட்டன்கோபர் 19ஆம் நூற்றாண்டிலேயே 1,000 பங்கை நல்ல அறைக்கு எல்லையாக வகுத்தார். நம் நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதித்தொகுப்பும் அதே 1,000ஐக் கொள்கிறது. அவ்விதித்தொகுப்பு குளிரூட்டலும் இயந்திரக் காற்றோட்டமும் உள்ள பணியிடங்களுக்கானது. மின்விசிறியும் சன்னலுமே உள்ள வகுப்பறை அதன் வரம்புக்குள் வாராது.

ஒரு சிறு கணக்கு. எட்டு மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட வகுப்பறை. கொள்ளளவு 168 கனமீட்டர். முப்பது மாணவர்கள். ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் கரிவளி விடுவதாகக் கொண்டால், முப்பதின்மர் 450 லிட்டர். கதவும் சன்னலும் இறுகச் சாத்தியிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 2,700 பங்கு கூடும். 420இல் தொடங்கிய அறை கால்மணி நேரத்துக்குள் 1,000ஐத் தாண்டிவிடும். உண்மையில் எந்த அறையிலும் சிறிது காற்று கசியும். ஆதலால் ஏற்றம் சற்று மெதுவாகலாம். ஆனால் சுவரில் மாட்டிய குளிரூட்டி பொதுவாக அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு. நண்பகலுக்குமுன் பிள்ளைகள் கொட்டாவி விட்டால், பாடத்தை மட்டும் குறை கூறாதீர்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். நம் முன்னோர் திசைக்கொரு காற்றுக்குப் பெயரிட்டனர்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நால்வகையும் வெளியில் வீசுங் காற்று. அறைக்குள் வீசாமல் கிடக்குங் காற்றுக்கு நாம் "புழுக்கம்" என்கிறோம், "இறுக்கம்" என்கிறோம். இரண்டும் உடலுணர்வைக் குறிப்பன. குளிரூட்டிய அறையில் புழுக்கம் இல்லை. ஆனால் கரிவளி இருக்கிறது. உடல் உணராததைச் சொல்ல நமக்கு வேறு சொல் வேண்டும்.

எனவே ஒரு பரிந்துரை. வெளியிலிருந்து வரும் துகளை "மூட்டம்" என்போம். புகைமூட்டம் என்று நம் நாளேடுகள் பழக்கிய சொல்லே அது. உள்ளே மூச்சால் நிறைவதைத் "தேக்கம்" என்போம். உள்ளேயே எழும் சமையற்புகை, சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றை "அகப்புகை" என்போம். மூட்டம் மிகுந்தால் சன்னலைச் சாத்துக. தேக்கம் மிகுந்தால் திறக்க. அகப்புகை எழுந்தால் அதன் மூலத்தை நீக்குக. மூட்டமும் தேக்கமும் ஒருங்கே மிகுந்தால் ஓர் அறையில் இருப்போர் தொகையைக் குறைத்து, துகள்வடிகட்டிக் கருவியை இயக்குக. வெளியே மூட்டம் தணியும் வேளையில் சிறிது நேரம் திறந்துவிடுக. அன்று அம்மூதாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.

எண்களுக்கும் இலக்கணம் உண்டு. கருவி காட்டும் நுண்துகள் எண், ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்பது. அரசு அறிவிக்கும் குறியீடோ அலகற்றது. துகளைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியின்மேல் கணிக்கப்படுவது. ஒன்று இக்கணத்தைச் சொல்லும். மற்றொன்று ஒரு நாளைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுப் பூசலிடுதல் பொருந்தாது. பள்ளியை மூடுவதற்கு அரசின் குறியீடே சான்று. சன்னலைத் திறப்பதற்குக் கைக்கருவி போதும்.

கருவியையும் கண்மூடி நம்பலாகாது. ஈரப்பதம் மிக்க நம் காற்றில் துகள்கள் நீரேற்றுப் பருக்கும். அப்போது மலிவான கருவி மிகையாகக் காட்டும். சில கருவிகள் கரிவளியை அளவாமலே, பிற ஆவிகளைக் கொண்டு ஊகித்து எண் காட்டும்; நறுமணத் தைலம் பட்டாலே அவை பதறும். வாங்குமுன் அகச்சிவப்பு முறையா என்று கேளுங்கள். மாதமொரு முறை திறந்த வெளியில் வைத்து 420ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கருவி வேண்டுமென்பதில்லை. பள்ளிக்கு ஒன்று போதும். வாரம் ஒரு வகுப்பாகச் சுற்றி வரட்டும். காலை, இடைவேளைக்கு முன், பள்ளி முடியும் வேளை என மூன்று அளவுகளை மாணவர்களே கரும்பலகை ஓரத்தில் தமிழில் எழுதட்டும். வேலையிடங்களில் துப்புரவுப் பணியாளர்க்கும் காவலர்க்கும் விளங்கும் மொழியில் அறிவிப்பு இருக்கட்டும். எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிற்குச் சென்று பாட்டிக்குச் சொல்லும்.

அம்மூதாட்டியின் பேரன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கருவியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, தேக்கம் ஏறிடுச்சு" என்று எழுந்து சன்னலைத் திறந்தான். எந்த அகராதியிலும் இப்பொருளில் இன்னும் ஏறாத சொல் அது.