கண்ணாடித் தாயத்து

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால மன்னர்களை விட்டுவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கண்ணாடிப் பதக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில், ரோமப் பேரரசின் சிரியா, பாலஸ்தீனப் பகுதி மக்கள் அணிந்த தாயத்து அது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் இன்றும் பார்க்கலாம்.

செய்முறை ரொம்ப எளிது. பாகு பதத்தில் இருக்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு எடுத்து, நுனியை இழுத்து மடித்தால் கயிறு கோக்க வளையம் ஆயிற்று. சூடு ஆறுவதற்குள் அச்சை வைத்து ஓர் அழுத்து. அவ்வளவுதான்!

அச்சில் என்ன உருவம்? விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒன்றில் சிங்கம், அதன் மேலே பிறையும் நட்சத்திரமும். ஒன்றில் யூதர்களின் கிளைவிளக்கு. வேறொன்றில் ஆட்டைத் தோளில் சுமக்கும் கிறிஸ்தவர்களின் நல்ல மேய்ப்பர். பாம்புக் கூந்தல் மெதூசாவும் உண்டு. கைவேலை ஒன்றுதான், நம்பிக்கைதான் வேறு வேறு.

விலையைப் பாருங்கள். 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில், பச்சைச் சாயலுள்ள யூதேயக் கண்ணாடி ஒரு ராத்தல் 13 தெனாரியஸ். பண்ணையாளுக்குச் சாப்பாடு போட்டு நாள் கூலி 25. ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். ஒரு பதக்கம் மூன்று கிராம் என்று வைத்தால் நூறு தேறும். தங்கத்தை நினைத்தும் பார்க்க முடியாத வீட்டுக்கும் இது எட்டும்.

பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. குருமார் தாயத்து செய்யக்கூடாது என்று 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் தடை போட்டது. தடை போட்டார்கள் என்றால், செய்தது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்! 407இல் மறைந்த ஜான் கிறிசோஸ்டம் இன்னும் ஒருபடி மேலே போனார். பிள்ளை நோயில் கிடக்கும்போதும் தாயத்து கட்டாத தாய்க்கு வேதசாட்சியின் பெருமை உண்டு என்று பிரசங்கம் செய்தார். மகா பேச்சாளர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து இல்லாத ராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவள் அவள்தானே? நான் அவள் பக்கம்.

இந்தப் பதக்கங்களில் சில கல்லறைகளில் கிடைத்தவை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விடைபெறுகிறேன்.