பருப்பில்லாத சாம்பார்



பட்டம் பெறும் உங்களுக்கு என் வாழ்த்து. அதற்காக நகையை அடகு வைத்த பெற்றோர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான வாழ்த்து. பதக்கம் வாங்கியவர்களைத் தனியே பாராட்ட வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பாராட்டிவிட்டேன். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் குறைவு. அதை மீறினால் என்ன ஆகும் என்பது வானொலியில் வேலை பார்த்தவளுக்குத் தெரியும்.

முதலில் அரசு வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, ஊர் ஊராகப் போய் சமுதாய வானொலிகளில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "இன்னுமா ரேடியோ?" என்று என் பேத்தி கேட்கிறாள். இன்னும்தான்.

நான் மதுரையில் முதுகலை படித்தபோது எங்கள் விடுதியில் சிற்றலை பிடிக்கும் டிரான்சிஸ்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் சமையற்கார அம்மாவுடையது. 1984 அக்டோபர் 31 அன்று காலையில் டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் உயிர் பிரிந்த செய்தியை பி.பி.சி. சொல்லிவிட்டது. நம் நாட்டு வானொலியோ மாலைவரை அதை உறுதிப்படுத்தவில்லை. பிரதமர் இறந்ததைச் சொந்த நாட்டு மக்கள் லண்டனிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "நம்ம ரேடியோ ஏன் பேச மாட்டேங்குது?" என்று எங்களைக் கேட்டார். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அன்று இரவு பி.பி.சி.யின் தமிழ்ச் சேவையான தமிழோசைக்காக விடுதி முழுதும் சமையலறையில் கூடியது. அந்தத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017-இல் நின்றுபோனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு மதியச் சாப்பாடு கிடைக்காது.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் 1995 பிப்ரவரியில் வந்தது, அதுவும் கிரிக்கெட் வழியாக. 1993-இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் வழக்கு. அதில் உச்சநீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து, அரசின் தனிச்சொத்து அல்ல என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட்டால் இந்த நாட்டுக்கு விளைந்த பெரிய நன்மை இதுதான் என்பது என் கருத்து. ரசிகர்கள் மன்னிக்கவும்.

தீர்ப்பு வந்தபின் கதவு மெதுவாகத் திறந்தது. 2002-இல் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்றார்கள். 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008 அக்டோபரில் ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் (அந்தப் பகுதி இன்று தெலங்கானாவில் இருக்கிறது) பஸ்தாபூரில் சங்கம் ரேடியோ ஒலித்தது. அதை நடத்தியவர்கள் சிறுதானியம் விளைவிக்கும் தலித் பெண்கள். உரிமம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒலிப்பதிவு செய்யக் கற்று, நாடாக்களைச் சேர்த்துவைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

ஒரு சமுதாய வானொலிக்கு விதி அனுமதிக்கும் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட். நம் வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்பின் அளவு. அதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை பேசலாம். விதை பற்றிப் பேசலாம், தடுப்பூசி பற்றிப் பேசலாம், நாட்டுப்புறப் பாடல் போடலாம். செய்தி மட்டும் சொல்லக்கூடாது.

ஆம், செய்தி சொல்லக்கூடாது. இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான தனியார் தொலைக்காட்சிகள் நாள் முழுதும் செய்தி சொல்கின்றன. நாளிதழ்கள் சொல்கின்றன. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் யூடியூபில் சொல்லலாம். தனியார் வானொலிகளுக்கும் சமுதாய வானொலிகளுக்கும் மட்டும் சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்கத் தடை. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அதாவது நாளை தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வராது என்று விசாரித்துச் செய்தியாக வாசிக்கக்கூடாது. 2013-இல் காமன் காஸ் என்ற அமைப்பு இந்தத் தடையை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போனது. இத்தனை நிலையங்களையும் கண்காணிக்க வழியில்லை, பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அரசுத் தரப்பின் வாதம். குண்டு பல்பு அளவு மின்சாரத்தால் ஆபத்துக்கு உள்ளாகும் பாதுகாப்பு என்ன பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், நிறுத்துவதாகவும் இல்லை.

டெல்டாவில் ஒரு கடலோர ஊர். ஊர்ப் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம். ஓட்டுவீட்டு முன்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவரில் முட்டை அட்டை, தரையில் பழைய ஜமுக்காளம். அங்கே பகலில் கருவாடு விற்றுவிட்டு மாலையில் சமையல் நிகழ்ச்சி நடத்தும் ஓர் அக்கா இருந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஒலிவாங்கிக்கு முன்னால் அவரைப் போல இயல்பாகப் பேசியவர்களை அரசு நிலையத்தில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த ஊர் ரேஷன் கடையில் துவரம் பருப்பு வரவில்லை. மாதக்கணக்காக வரவில்லை. நிலையத்தில் அதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் செய்தி, உரிமத்துக்கு ஆபத்து. அக்கா ஒரு நாள் நிகழ்ச்சியை இப்படித் தொடங்கினார்: "இன்னைக்கு நாம செய்யப்போறது பருப்பில்லாத சாம்பார்." பூசணிக்காய், புளி, கொஞ்சம் அரிசி மாவு என்று குறிப்பெல்லாம் சரியாகச் சொன்னார். கடைசியில், "ஏன் பருப்பில்லாம வைக்கிறோம்னு கேப்பீங்க. கடையில இல்ல. கேட்டா அடுத்த வாரம்ங்கிறாங்க. போன வாரமும் அடுத்த வாரம்னுதான் சொன்னாங்க. அதுவரைக்கும் கொதிக்க விடுங்க" என்று முடித்தார்.

மறுநாள் நேயர்கள் தொலைபேசியில் வரிசைகட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பருப்பில்லாத சமையல் இருந்தது. ஒருத்தி ரசம் சொன்னாள், இன்னொருத்தி கத்திரிக்காய் கொத்சு சொன்னாள், ஒரு தாத்தா தன் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பைச் சொல்லிவிட்டு அழுதார், ஏனென்றால் அந்த அம்மா இறந்துவிட்டிருந்தார். எல்லோரிடமும் அக்கா மறக்காமல் ஒன்றைக் கேட்டார்: "உங்க ஊர் எது? உங்க கடையில பருப்பு இருக்கா?" ஒரு வாரத்தில் அந்த வட்டாரத்தின் எந்தக் கடையில் பருப்பு இருக்கிறது, எதில் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. எந்தத் தொலைக்காட்சியும் அங்கே வரவில்லை. பக்கத்து நகரத்துச் செய்தியாளர்கூட வரவில்லை. துவரம் பருப்புக்கு யார் வருவார்கள்?

வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, "அங்கே செய்தி வாசிக்கிறீங்களா?" என்று அதட்டினார். அக்கா சொன்ன பதில்: "சமையல் குறிப்பு சார். உங்க வீட்டம்மாவ கேக்கச் சொல்லுங்க."

பருப்பு வந்தது. இந்த இடத்தில்தான் எல்லா மேடைகளிலும் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நிலையத்தை நடத்திய அறக்கட்டளை பயந்துபோனது. சமையல் நிகழ்ச்சியை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். அக்கா இரண்டு வாரம் எழுதிக்கொடுத்துப் பார்த்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். இப்போது கருவாடு மட்டும் விற்கிறார்.

இதே போன்ற கெட்டிக்காரத்தனத்தை நேபாளம் என்ற நாடே செய்து காட்டியது. 1997 மே மாதம் காத்மாண்டுவில் ரேடியோ சகர்மாதா தொடங்கியது. தெற்காசியாவில் அரசின் கையில் இல்லாத முதல் சமுதாய வானொலி அது. சுற்றுச்சூழல் செய்தியாளர்கள் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அலைந்து வாங்கிய உரிமம். அதைப் பார்த்து மலையூர்களில் எல்லாம் நிலையங்கள் முளைத்தன, செய்தியும் சொன்னார்கள். 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் ராணுவம் புகுந்தது. பண்பலையில் செய்திக்குத் தடை. செய்தியாளர்கள் தெருமுனைகளில் ஒலிபெருக்கி வைத்துச் செய்தி வாசித்தார்கள். சில நிலையங்கள் செய்தியைப் பாட்டாகப் பாடின, வாசிக்கத்தானே தடை! அந்த ஆண்டு நவம்பரில், மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவிடம் பி.பி.சி. நேபாளி சேவை எடுத்த பேட்டிக்காக ரேடியோ சகர்மாதாவில் காவல்துறை புகுந்து, கருவிகளைப் பறித்து, ஊழியர்களைக் கைது செய்தது. அடுத்த ஏப்ரலில் மக்கள் எழுச்சியின் முன்னால் மன்னர் பணிந்தார். 2008-இல் முடியாட்சியே போயிற்று. வானொலிதான் மன்னரை இறக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன் ஊர்ச் செய்தியைக் கேட்டுப் பழகிய மக்களின் வாயை அடைப்பது சுலபமில்லை என்பதை அந்த மன்னர் தெரிந்துகொண்டார்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அங்கே ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். கட்டடம் இடிந்த நிலையங்கள் கூடாரத்தில் கருவியை வைத்துப் பேசின. மக்கள் அவற்றை நம்பினார்கள். அன்றாடம் உண்மை சொன்ன குரலைத்தான் ஆபத்துக் காலத்தில் மனிதர்கள் நம்புவார்கள். புயல் வரும்போது மட்டும் எச்சரிக்கை வாசி, மற்ற நாளில் வாயை மூடு என்று நாம் நம் வானொலிகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே இயங்கும் கடல் ஓசை வானொலி, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்கிறது. மிக நல்ல வேலை. ஆனால் அந்தத் தீவில் மீனவர் கைதானால் தன் செய்தியாளரை அனுப்பி விசாரித்து, செய்தியறிக்கையாக வாசிக்க அதன் உரிமத்தில் இடமில்லை. மூன்று கோடிப் பேருக்குச் சற்றே குறைவான நேபாளத்தில் 300-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலிகள். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவில் ஏறத்தாழ 500. வகுத்துப் பார்க்கும் வேலையைக் கணிதத் துறை மாணவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

தடையைச் சுற்றிப் போனவர்களும் இங்கே உண்டு. முன்பு பி.பி.சி.யில் இருந்த சுப்ரான்சு சௌத்ரி 2010-இல் சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். கோபுரமும் இல்லை, உரிமமும் வேண்டாம். சாதாரண கைப்பேசி போதும். ஓர் எண்ணை அழைத்தால், 1-ஐ அழுத்தி உங்கள் செய்தியைப் பதியலாம், 2-ஐ அழுத்தி மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். பதிந்ததைச் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள். கோண்டி பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம் பேர். காட்டுக்குள்ளிருந்து அவர்கள் தங்கள் மொழியிலேயே கூலி பாக்கியையும் கெட்டுப்போன அடிகுழாயையும் சொன்னார்கள். முடிவில் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள் அந்த எண்ணை அழைப்பார்கள். எத்தனை ஊர்க்காரர்களிடம்தான் ஓர் அதிகாரி "அடுத்த வாரம்" என்று சொல்ல முடியும்?

சமுதாய வானொலிகள் எல்லாம் இப்படி இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பல நிலையங்கள் சினிமாப் பாட்டுப் போட்டே பொழுதைப் போக்குகின்றன. பல கல்லூரி வானொலிகள் முதல்வரின் ஆண்டறிக்கையை வாசிக்கும் ஒலிபெருக்கிகள். பணம் இல்லை, அரசு விளம்பரம் வந்தால்தான் மின்கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் அரசை எப்படிக் கேள்வி கேட்பது? அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1949-இல் லூயிஸ் ஹில் என்பவர் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. வானொலி, விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு நேயர்கள் தரும் சந்தாவை நம்பி இயங்கியது. இன்றும் இயங்குகிறது. கோவில் கொடைக்கும் திருவிழாவுக்கும் வரி போட்டுக் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு, இது ஆகாத காரியம் இல்லை.

நீங்கள் எல்லோரும் வானொலிக்கு வரப்போவதில்லை, தெரியும். உங்களில் சிலர் அதிகாரிகளாகி கோப்பில் கையெழுத்திடுவீர்கள், சிலர் தொலைக்காட்சிக்குப் போவீர்கள். அந்தச் சிலரிடம், மாலை விவாதத்தில் உட்காரும் அதே நான்கு பேரை ஒரு நாளாவது மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கே போனாலும் உங்கள் கையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். கைப்பேசி என்று அதற்குப் பெயர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். பெரும்பாலும் எந்தச் செய்தியாளரும் வர மாட்டார். நீங்கள் போங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். அவர் சொன்னது உண்மையா என்று இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள். பிறகு ஊரில் பத்துப் பேருக்குக் கேட்கக் கொடுங்கள்.

துணைவேந்தர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் வானொலி இல்லை என்று காலையில்தான் தெரிந்துகொண்டேன். கல்வி நிறுவனத்துக்கு உரிமம் கேட்கத் தகுதி உண்டு. பிராட்காஸ்ட் சேவா என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நிலையம் அமைந்தால் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன், பணம் வேண்டாம். ஒரே நிபந்தனை: சமையல் நிகழ்ச்சிக்கு முன் ஒப்புதல் கேட்கக்கூடாது.