அம்புக்குறியை யார் போடுவது?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்படி சங்கம் எங்கள் இருவரையும் கேட்டது. இருபது நிமிடத்தில் முழுவதையும் சொல்லி முடிக்க ஏலாது. ஆகவே நாங்கள் வேலை செய்யும் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒன்று நடந்தால் அது ஏன் நடந்தது என்று கணினி கண்டுபிடிக்குமா? ஆயிரம் கணினிகளை ஒன்றாகப் பூட்டிவிட்டால் கண்டுபிடிக்குமா?

முதலில் ஓர் உண்மைச் சம்பவம். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஆய்வாளர்கள் சிலர் நிமோனியா நோயாளரின் பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். யாருக்கு இறக்கும் ஆபத்து அதிகம், யாரை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று அது சொல்லவேண்டும். கணினி கற்றுக்கொண்ட விதிகளில் ஒன்று எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் ஆபத்துக் குறைவு என்றது அது. வீட்டிலே முட்டு வருத்தக்காரர் ஒருவரை வைத்துப் பார்த்த எவரும் இதை நம்பமாட்டார்கள். ஆனால் கணினி பொய் சொல்லவில்லை. அந்தப் பதிவுகளில் ஆஸ்துமாக்காரர் குறைவாகத்தான் இறந்திருந்தார்கள். காரணம், அவர்கள் வந்தவுடனேயே வைத்தியர்கள் பயந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கவனிப்புத்தான் உயிரைக் காத்தது. கணினியின் பேச்சைக் கேட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே பரீட்சித்த முறைகளுள் ஆகத் திருத்தமாகக் கணித்தது நரம்பு வலையமைப்பு. உள்ளே என்ன விதி ஒளிந்திருக்கிறது என்று பார்க்க முடியாததால் அதை நோயாளரிடம் பயன்படுத்துவதில்லை என்றே முடிவெடுத்தார்கள். எங்களைக் கேட்டால், இந்தத் துறையில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று.

இந்தச் சிக்கலுக்குக் கணித மொழி கொடுத்தவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த யூடியா பேர்ள். 2011ஆம் ஆண்டுக்கான ரியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. காரண அறிவை மூன்று படிகள் கொண்ட ஏணியாக அவர் விளக்குகிறார். அவருடைய உதாரணங்களை விட்டுவிட்டு, எங்கள் ஊர்க் காகத்தையும் பனம்பழத்தையும் வைத்துச் சொல்கிறோம். காகம் இருக்கும்போதெல்லாம் பழம் விழுகிறது என்று கவனிப்பது முதற்படி. காகத்தைக் கலைத்துவிட்டால் பழம் விழாமல் இருக்குமா என்று கேட்பது இரண்டாம் படி. நேற்று விழுந்த அந்தப் பழம், காகம் வராமல் இருந்திருந்தால் இன்னும் மரத்தில் இருக்குமா என்று கேட்பது மூன்றாம் படி. முதற்படிக்குக் கண் போதும். இரண்டாவதுக்குக் கை வேண்டும். மூன்றாவதுக்குக் கற்பனையும் வேண்டும்.

இப்போது சமாந்தரக் கணிப்புக்கு வருவோம். கணினி விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்ட ஜீபீயூ என்ற வரைகலை முறைவழியாக்கி, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் வேறுவேறாக, ஒரே நேரத்தில் கணிக்கும். 2012இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்ரன் ஆகிய மூவரும் அப்படிப்பட்ட இரண்டு அட்டைகளைக் கொண்டு, ஏறத்தாழ 12 இலட்சம் படங்களை ஐந்தாறு நாட்களில் ஒரு நரம்பு வலையமைப்புக்குப் பழக்கினார்கள். அதன் பிறகு நடந்தது உங்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. ஆனால் அங்கே நடந்ததும் முதற்படி வேலைதான். கவனிப்பு பிரமாண்டமாகியது, அவ்வளவே.

காரணங்களைத் தேடவும் இதே பலத்தைப் பாவிக்கலாமா? பாவிக்கலாம், பாவிக்கவும் வேண்டும். எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போட்டு, சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே குற்றாதபடி படம் வரைந்தால், மூன்று விடயங்களுக்கு 25 படங்கள் வரையலாம். நான்குக்கு 543. ஐந்துக்கு 29,281. பத்துக்கு வந்தால் 4க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்டாலும் போதாது. ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் காணாது.

அதனால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்பேர்ட்ஸ், கிளார்க் கிளைமோர் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் வேறு வழி பிடித்தார்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைத்துவிட்டு, பிறகு வெட்டிக்கொண்டு வருவது. மூன்றாவது ஒன்றைக் கணக்கில் எடுத்தவுடன் இரண்டுக்கும் இடையிலான உறவு மறைந்துபோனால், அந்தக் கோட்டை வெட்டு. அடுத்த சுற்றில் இரண்டு விடயங்களைக் கணக்கில் எடுத்துப் பார். இப்படியே போகும். இந்தச் சோதனைகளைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால் ஒரு தடை இருந்தது. ஒரு சுற்றின் நடுவிலேயே கோட்டை வெட்டினால், அடுத்த சோதனை மாறிவிடும். எதை முதலில் பார்த்தோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். 2014இல் டியேகோ கொலொம்போவும் மார்லூஸ் மாட்ஹொய்ஸ் என்ற பெண் புள்ளிவிபரவியலாளரும் சொன்ன திருத்தம் மிக எளிமையானது. சுற்று முடியும்வரை வெட்டின கோடுகளைக் கணக்கில் எடுக்காதே. விடைத்தாள் திருத்தும் நிலையம் மாதிரித்தான். ஒவ்வொருவரும் தத்தமது மேசையில் திருத்தலாம், கட்டுகள் எல்லாம் திரும்பிவந்த பிறகே தரம் போடலாம். இந்தத் திருத்தத்தோடு சமாந்தரக் கணிப்புக்குக் கதவு திறந்தது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ள தரவுகளுக்குக்கூட இன்று ஜீபீயூவில் இதை ஓட்டுகிறார்கள்.

ஆனாலும் கடைசியில் வரும் படத்தில் பல கோடுகளுக்கு அம்புத் தலை இருக்காது. மழை வீதியை வழுக்கச் செய்கிறது, வழுக்கும் வீதி விபத்தைக் கொண்டுவருகிறது. அதையே மறுபக்கமாக, விபத்து வீதியை வழுக்கச் செய்து வீதி மழையைக் கொண்டுவருகிறது என்று எழுதினாலும், இந்தச் சோதனைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். தொடர்பற்ற இரண்டு காரணங்கள் ஒரே விளைவில் வந்து முட்டும் இடங்களிலும் அவற்றை அண்டிய சில இடங்களிலும் தரவே திசையைக் காட்டிக்கொடுக்கும். மற்ற இடங்களில் அம்புக்குறி போட, விடயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பத்தாயிரம் முறைவழியாக்கிகளைச் சேர்த்தாலும் அதே வெறுங்கோடு சீக்கிரமாகக் கைக்கு வரும்.

இதை ஏன் பாடசாலை மண்டபத்தில் நின்று சொல்கிறோம்? எங்கள் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் மாலை நேர இலவச வகுப்புகளுக்குப் பணம் அனுப்புகின்றன. அந்த வகுப்பால் பயன் உண்டா என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நாளைக்கு யாராவது புள்ளிப் பட்டியலைக் கணினியில் போட்டு, வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் புள்ளி வராதவர்களைவிடக் குறைவு, ஆகவே பணத்தை நிறுத்துவோம் என்று சொல்லக்கூடும். பிற்ஸ்பேர்க் ஆஸ்துமாக் கதையின் மறுபிரதி அது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளைத்தானே வகுப்பாசிரியை பிடித்து அனுப்புகிறார்! அந்த அம்புக்குறி அவருக்குத் தெரியும், பட்டியலுக்குத் தெரியாது.

ஆகவே சங்கத்திடம் எங்கள் கோரிக்கை இரண்டு. வகுப்பு இடாப்பில் இன்னும் இரண்டு நிரல்கள் சேருங்கள். பிள்ளையின் முந்திய தவணைப் புள்ளி ஒன்று, யார் என்ன காரணத்துக்காக அனுப்பினார் என்பது மற்றது. அடுத்தது, ஆகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு முதலில் இடம் கொடுத்துவிடுங்கள். மிஞ்சிய இடங்களுக்குக் கேட்பவர்கள் கூடுதலாக இருந்தால் திருவுளச்சீட்டுப் போடுங்கள். சீட்டு எந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்தையும் வீட்டு நிலையையும் பார்த்து விழாது. சீட்டில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் மூன்று தவணைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்குக்கு ஜீபீயூ தேவையில்லை. உயர்தரப் பிள்ளைகளே கணிகருவி ஒன்றை வைத்துச் செய்துவிடுவார்கள். இடாப்பின் மாதிரிப் படிவத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.