ஆறு நிமிட நடையும் அரை மாத்திரையும்

(நன்கொடையாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போன கூடுகையில் ஒரு சகோதரர் எழுந்து, "மூச்சு நோயாளிகளை வராந்தாவில் நடக்கவிட்டுச் சோதிக்கிறீர்களாமே, ட்ரெட்மில் ஒன்று வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டார். அவருடைய தாராள மனசுக்கு நன்றி. அன்றைக்கு நேரமாகிவிட்டபடியால் பதில் சொல்லவில்லை. நான் வேதசாஸ்திரம் படித்தவன், வைத்தியம் படித்தவனல்ல. ஆகையால் இன்று பேசப்போவதை எழுதி, டாக்டரம்மாவிடம் காட்டித் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தார் ஒருவரைச் சொல்கிறேன். சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர். காசநோய் வந்து குணமாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் நோய் தின்ற இடமெல்லாம் நுரையீரலில் தழும்பு. தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

இவருக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று எப்படி அளப்பது? ட்ரெட்மில்லில் வழக்கமான முறைப்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். "இனி முடியாது" என்கிற உச்சம் வரைக்கும் கொண்டுபோவது ஒரு வகை. உச்சத்துக்குக் கீழேயே, முன்கூட்டித் தீர்மானித்த நாடித்துடிப்பில் நிறுத்துவது இன்னொரு வகை. 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. அறுபது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 136 துடிப்பு. மாரடைப்பு வந்து தேறியவரை வீட்டுக்கு அனுப்புமுன் சோதித்தால் இன்னும் தாழ்வாகவே நிறுத்திவிடுவார்கள். இருதய அடைப்பைத் தேடுகிறவர்களுக்கு ட்ரெட்மில் வேண்டும்தான். நம் கரிமூட்டக்காரருக்கு வேண்டியது அதுவல்ல. அவர் அன்றாடம் செய்கிற எந்த வேலையும் உச்சத்தைத் தொடுவதில்லை. அந்த அன்றாடத்தைத்தான் நாம் அளக்கவேண்டும்.

1968-இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் விமானப்படை வீரர்களுக்கு 12 நிமிட ஓட்டச் சோதனையை வகுத்தார். 1976-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதை மார்புச்சளி நோயாளிகளுக்கேற்ப 12 நிமிட நடையாக்கினார்கள். 1982-இல் ஆறு நிமிடமே போதும் என்று கண்டார்கள். 30 மீட்டர் சமதளம், இரண்டு முனையிலும் அடையாளம், ஒரு நாற்காலி, கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். நோயாளி தன் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

முதல்முறை அவர் நடந்தபோது நானும் ஓரமாக நின்றேன். ஐந்தாவது சுற்றில் தடுமாறினார். "விடாதீங்க அண்ணாச்சி!" என்று கை தட்டிவிட்டேன். பிசியோதெரபி பார்க்கிற தம்பி, "ஐயா, சும்மா இருங்க. உற்சாகப்படுத்தினா தூரம் கூடிரும், அளவு கெட்டுப்போகும்" என்றார். நிமிடத்துக்கு ஒருமுறை, நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிரசங்கம் செய்தே பழகியவனுக்கு அந்த ஆறு நிமிடம் பெரிய சோதனை! அன்றைக்கு ஒன்பது நடை, 270 மீட்டர்.

உச்சத்துக்குக் கீழே நிறுத்துவது சோதனையில் நல்லதென்றால் மருந்திலும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி எண்ணியவன் நானே. இவர் முதல்தடவை காசநோயோடு வந்தபோது, மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று என்னிடம்தான் சொன்னார். "அப்படியானால் காலையில் பாதி, ராத்திரி பாதியாய்ப் போடுங்கள்" என்று இரக்கப்பட்டுச் சொன்னேன். டாக்டரிடம் கேட்கவில்லை. ராத்திரிப் பங்கு நாளடைவில் நின்றுபோயிற்று. "அரை வயித்துக்கு அரை மாத்திரை போதும்ல ஐயா" என்று பிற்பாடு சொன்னார். நோய் திரும்பி வந்தது.

அப்போதுதான் டாக்டரம்மா சென்னைக் கதையைச் சொன்னார்கள். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. வீட்டில் குறைந்த சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்ட ஏழைகளும், சானடோரியத்தில் நல்ல உணவோடு படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரேமாதிரி தேறினார்கள் என்று 1959-இல் அவர்கள் வெளியிட்டது உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிற்று. அரை வயிறானாலும் மருந்து முழுசாய் இருந்தால் வேலை செய்யும் என்றல்லவா அர்த்தம்!

அடுத்த ஆய்வு என் நெஞ்சைக் குத்தியது. ஐசோநயாசிட் மாத்திரையை ஒரே மொத்த அளவில் ஒரு சாராருக்கு ஒரே வேளையாகவும், மற்றவர்களுக்கு இரண்டு வேளையாகவும் கொடுத்தார்கள். ஒரே வேளையாகச் சாப்பிட்டவர்களே அதிகம் தேறினார்கள். இரத்தத்தில் மருந்து ஒருமுறை உயரமாய் ஏறினால்தான் கிருமிக்கு அடி பலமாய் விழும். பிரித்தால் அந்த உயரம் கிடைக்காது. அளவும் குறைந்தால், தாங்கிப் பழகிய கிருமி மிஞ்சிப் பெருகும். எடையைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக்கை. இரக்கத்தைப் பார்த்து அல்ல.

குறைந்த அளவு எப்போதும் தப்பு என்று நினைக்கவேண்டாம். இருதயம் பலவீனமானவருக்கு மெட்டோப்ரோலால் போன்ற மருந்தைச் சிறு அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். அது வைத்தியர் ஏறுகிற படி. நான் சொன்னது படியே அல்ல.

அவருக்கு நோய் திரும்பியதற்கு என் வார்த்தைதான் காரணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ட்ரெட்மில்லுக்கு எண்ணியிருந்த சகோதரருக்கு ஒரு வேண்டுகோள்: வராந்தாத் தரை நடுவில் பெயர்ந்து கிடக்கிறது. அதைச் செப்பனிட்டுத் தந்தால் போதும்.

எட்டு வாரம் பயிற்சிக்குப் பின் அவர் மறுபடி நடந்தார். பதினொரு நடை, 330 மீட்டர். முப்பது மீட்டர் கூடினாலே மெய்யான முன்னேற்றமாம். இந்தத் தடவை நான் கை தட்டவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், "தம்பி, எங்க வீட்டிலேருந்து பஸ் விலக்கு நானூறு மீட்டர்ங்கிறாங்க. அது எத்தனை நடை?" என்று கேட்டார்.

"பதிமூணுக்குக் கொஞ்சம் மேலே."

"அப்போ இன்னும் ரெண்டு நடைதான். நடுவிலே வேப்பமரம் இருக்கு, உட்கார்ந்துக்கிடுவேன்" என்றார்.