மாரிக்கு ஒரு தினைச் சலாது



சலாது என்றதும் தட்டின் ஓரத்தில் வைக்கப்படும் நாலு தக்காளித் துண்டுகளும் வெங்காய வளையங்களுமே பலருக்கு நினைவு வரும். மழையில் நனைந்து வயலிலிருந்து திரும்பும் ஒருவருக்கு அவை எம்மட்டு? நான் இன்று சொல்லவிருப்பது வயிறு நிறைக்கும் சலாது.

மூதூருக்கும் சம்பூருக்கும் இடையே, கொட்டியாரக்குடாவின் தென்பால் உள்ளது கட்டைபறிச்சான். மேல்நாட்டார் பனிக்காலம் என்று சொல்லும் மாதங்கள் இவ்வூரில் மாரிகாலம். வாடைக்காற்றிலே கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறிக் கிடக்கும், மீன் அரிதாகும். பெரும்போகத்து நெல் பச்சையாய் நிற்க, அறுவடைக்கு மாசி பங்குனி ஆகவேண்டும். சென்ற போகத்து நெல்லோ குதிரின் அடிக்கு இறங்கியிருக்கும். இந்த இடைக்காலத்திலேதான் சேனைப்பயிர் கைகொடுக்கின்றது. சோளன் கதிர் பால்பிடிக்கும். கெக்கரியும் பூசணியும் காய்க்கும். ஈரநிலமெங்கும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தழைக்கும்.

தானியத்துக்குத் தினையை எடுத்துக்கொள்வோம். இதே கொட்டியாரக்குடாவில் 1660ஆம் ஆண்டு பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில் தினையையும் விவரித்திருக்கின்றார். அது அரிசியைப்போல் அவியும், அரிசியிலும் மிகுதியாகப் பருக்கும், ஆயினும் உண்ணும்போது மிக உலர்ந்திருக்கும் என்பது அவர் கண்டது. சோற்றுக்குக் குறையான அந்த உலர்வே சலாதுக்கு வேண்டிய குணம்.

ஒரு சுண்டு தினையரிசியைக் கழுவி வடித்து, வெறுஞ்சட்டியில் வாசம் எழும்வரை வறுத்துக்கொள்க. இரண்டு சுண்டு கொதிநீரும் உப்பும் சேர்த்து, மூடி, சிறுதீயில் கால்மணி நேரம் அவியவிடுக. அவியும்போது கிளறுதல் ஆகாது. கிளறினால் கிடைப்பது களிதான். இறக்கியபின் அகன்ற தட்டிலோ வாழையிலையிலோ பரப்பி ஆறவிட்டால் மணி மணியாக உதிரும்.

முன்னரே ஊறவைத்த அரைச் சுண்டு பயற்றைத் தோல் பிரியாத பதத்தில் அவித்து வடிக்க வேண்டும். இளஞ்சோளன் கதிர் இரண்டை அவித்து மணிகளை உதிர்த்தெடுக்கலாம். பூசணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஆவியில் வேகவைக்க. கெக்கரியைப் பச்சையாகவே அரிந்துகொள்க.

கீரையில் சற்றே கவனம் வேண்டும். மாரியில் வெள்ளம் கிணற்றையும் குப்பைமேட்டையும் ஒன்றாக்கிவிடும். வெள்ளம் நின்ற இடத்து வல்லாரையை, எவ்வளவு கழுவினாலும் பச்சையாக உண்ணவேண்டாம், வறையாக்கிக் கொள்ளுங்கள். வீட்டு மேட்டுப் பாத்தியில் பறித்ததென்றால், மண் போகும்வரை பலமுறை கழுவி, கடைசி முறைக்குக் கொதித்தாறிய நீரைக் கொள்ளுங்கள். பொன்னாங்காணியைக் கொதிநீரில் சிறிது வாட்டியெடுத்தல் நலம்.

இனி எல்லாவற்றையும் ஒன்றாக்கி, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, வேண்டிய உப்பு இட்டுப் பிரட்டுக. தேசிக்காய்ப்புளி உண்ணும் வேளையிலே விடவேண்டியது. முன்னே விட்டால் கீரை கறுத்துப்போம்.

தினையிலே குறைவாயுள்ள லைசீன் என்னும் புரதக்கூறு பயற்றில் நிறைய உண்டு. கீரையின் இரும்புச்சத்து உடலிற் சேரத் தேசிக்காய்ப்புளி துணைசெய்யும். பூசணியின் மஞ்சட் சத்துக்குத் தேங்காயின் எண்ணெய் வேண்டும். நம் பாட்டிமார் இவற்றின் பெயரை அறியாமலே சம்பலுக்குத் தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்தார்கள்.

இவ்வளவும் நால்வருக்குப் போதும். ஆக்கிய வேளையிலேயே உண்டு முடித்துவிடுங்கள். அவித்த தானியத்தை அறைச் சூட்டில் இரவுக்கென்று மூடிவைத்தல் வயிற்றுக்குக் கேடு. மீன் இல்லாமல் உண்ணமாட்டேன் என்பாருக்கு நெத்தலிக் கருவாட்டை மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே தூவலாம். திருவெம்பாவை நோன்பு காக்கும் வீடுகளில் அதற்குப் பதிலாக வறுத்த கச்சான் போதும்.