திப்பு மகாலில் ஒரு திருமணம்



வேலூர்ப் புரட்சிப் பாடத்தில் புதிய தலைப்பாகை, அதிலிருந்த தோல், நெற்றிக்குறிக்குத் தடை என்று காரணங்களைக் கரும்பலகையில் எழுதுவேன். திப்புவின் மகள் திருமணத்தை ஒரே வரியில் கடந்துவிடுவேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “கல்யாண வீட்டுல சண்டைன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படி டீச்சர் இருந்திருக்கும்?”

சட்டென்று பதில் வரவில்லை. நெற்கட்டும்செவலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போர் என்றால் நமக்கு வாளேந்தியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. தந்தை போரில் இறந்தார். குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். மகால் உண்டு, உதவித்தொகை உண்டு, சுற்றிலும் காவலும் உண்டு. 1806 ஜூலை 9 அவளுக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் துப்பாக்கிச் சத்தம். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தபின் கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். திருமண வீட்டின் மீதே சந்தேகம் விழுந்தது. அவளுடைய சகோதரர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திப்பு குடும்பத்துப் பெண்கள் சிலரின் கல்லறைகள் இன்றும் வேலூரில்தான் இருக்கின்றன.

மறுநாள் இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

இப்போது கோட்டைப் படம் வரையச் சொன்னால், அகழிக்கும் கொத்தளத்துக்கும் முன்னால் திப்பு மகாலைக் குறிக்கச் சொல்கிறேன்.