பீட்சாவும் குறுக்கு வழியும்



குறுக்கு வழியை நாடாதீர்கள் என்று பெரியோர் பலர் உங்களுக்கு அறிவுரை கூறியிருப்பார்கள். நானோ இன்று ஒரு குறுக்கு வழியைப் பற்றியே உங்களிடம் பேச வந்திருக்கிறேன். தேர்வில் வெல்லும் குறுக்கு வழி அன்று. பீட்சா என்னும் இத்தாலிய உணவை, ரொட்டி அடுப்பு இல்லாத வீட்டிலும் ஒரு மணி நேரத்திற்குள் செய்து முடிக்கும் வழி. இதில் நான் முதலில் தோற்றேன். தோற்ற கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நேர்மை.

என் தமக்கையின் மகள் கல்லூரி மாணவி. ஒரு நாள் மாலை ஆறு மணிக்குத் தோழியர் நால்வருடன் வருவதாகவும், வீட்டிலேயே பீட்சா செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். ஈஸ்ட் கிடைக்கவில்லை. தயிரும் ஆப்ப சோடாவும் போதும் என்று எங்கோ கேட்ட நினைவு. பிற்பகல் மூன்று மணிக்கே மாவைப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டேன். ஊற ஊற மாவு நன்றாகப் பொங்கும் என்பது என் எண்ணம். ஆறு மணிக்குத் திறந்து பார்த்தபோது மாவு தளர்ந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. தட்டிப் போட்டுச் சுட்டேன். அடிப்புறம் கருகிற்று, மேற்புறம் தக்காளிச் சாறு குளமாய் நின்றது, நடுவில் மாவு வேகவே இல்லை. வந்த பெண்கள் பண்புடையவர்கள். ஒன்றும் சொல்லாமல் உண்டார்கள். அவர்கள் சென்றபின் அவள் கேட்டாள்: “மாமா, ஈஸ்டுக்குச் செய்வதையே சோடாவுக்கும் செய்துவிட்டீர்களா?”

அக்கேள்வியில் முழு விடையும் அடங்கியிருந்தது. நெடு வழியை நன்றாக அறியாத நான் குறுக்கு வழியில் நடக்கத் துணிந்தேன். ஆகவே நெடு வழி எது என்பதை முதலில் பார்ப்போம்.

பீட்சாவின் தாயகம் தென் இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரம். மாளிகைகளில் பிறந்த உணவு அன்று அது. துறைமுகத் தொழிலாளரும் கூலிகளும் தெருவில் வாங்கி உண்ட மலிவான சிற்றுண்டி. தக்காளி இத்தாலிக்கே உரிய காய் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. அதனை ரொட்டியின் மேல் பரப்பி உண்ணத் துணிந்தவர்கள் நேப்பிள்ஸின் ஏழை மக்கள். இன்று அவ்வுணவு உலகெங்கும் பரவியிருக்கிறது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலைஞரின் கைத்திறனை 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

நேப்பிள்ஸ் பீட்சா என்று சொல்லப்படுவதற்கு இன்னின்ன இலக்கணம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் விதி வகுத்தது. அவ்விதியில் வரும் அளவுகள் சிந்திக்கத்தக்கவை. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1,800 கிராம் மாவு. அதற்குச் சேர்க்கும் ஈஸ்ட் மூன்றே கிராம்! இவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதும்? காலம் துணை நிற்கிறது. பிசைந்த மாவு முதலில் இரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கிறது. உருண்டைகளாக்கியபின் மீண்டும் நான்கு முதல் ஆறு மணி நேரம் பொங்குகிறது. இவ்வளவு நேரம் காத்த மாவு, 485 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள விறகடுப்பில், 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடுகிறது. தயாரிப்பு நாள் முழுவதும். சமையல் ஒன்றரை நிமிடம்.

அந்த நீண்ட நேரத்தில் மாவுக்குள் நடப்பது என்ன? ஈஸ்ட் என்பது ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். புளிப்பேறுதல் உயிர்களின் செயலே என்பதை லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1857 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. கோதுமை மாவை நீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் வலை போலப் பின்னிக் கொள்ளும். வாயுக் குமிழிகள் அவ்வலையில் சிக்கி மாவை உப்பச் செய்கின்றன. இது முதல் பணி. சுவையும் மணமும் தரும் பொருள்களை மெல்ல மெல்ல உண்டாக்குவது இரண்டாம் பணி. இரவெல்லாம் புளித்த தோசை மாவையும், சோடா கலந்து உடனே வார்த்த மாவையும் உண்டு பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இனிக் குறுக்கு வழிக்கு வருவோம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்னும் மருந்துக் கடைக்காரர் வாழ்ந்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் சேர்த்த ரொட்டி உடலுக்கு ஒத்துக் கொள்ளவில்லை. முட்டையும் ஒத்துக் கொள்ளவில்லை. முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியை முன்னரே செய்த அவர், 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்பச் செய்யும் பேக்கிங் பவுடரை ஆக்கினார். இல்லத்தில் ஒருவர் மற்றவரைப் போல உண்ண இயலவில்லையே என்ற கவலையில் பிறந்தது அக்குறுக்கு வழி. அதன் தத்துவம் எளிது. சோடாவும் அமிலப் பொருளும் நீரில் கலந்தால் கரியமில வாயு பிறக்கும். தயிரும் புளிப்புடையதாதலின் சோடாவுடன் சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈஸ்ட் உயிருள்ளது, உணவு இருக்கும் வரை வாயுவைத் தந்து கொண்டேயிருக்கும். சோடாவுக்கு உயிர் இல்லை. புளிப்பைத் தொட்டவுடன் வாயுவை வெளியிட்டு ஓய்ந்துவிடும். என் மாவு மூன்று மணி நேரத்தில் தளர்ந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஈஸ்ட் மாவுக்குக் காத்திருத்தல் நன்மை. சோடா மாவுக்குக் காத்திருத்தல் கேடு. ஆகவே குறுக்கு வழியில் செல்பவர் வேலையின் வரிசையையே மாற்ற வேண்டும். மேலே பரப்ப வேண்டியவற்றை முதலில் ஆயத்தம் செய்து, மாவைக் கடைசியில்தான் பிசைய வேண்டும்.

முதலில் தக்காளி. பழுத்த தக்காளி நான்கை வெந்நீரிலிட்டுத் தோலுரித்து, விதை நீக்கி, மசித்துக் கொள்ளுங்கள். இரண்டு பல் பூண்டை நசுக்கிச் சிறிது எண்ணெயில் வதக்கி, மசித்த தக்காளியும் உப்பும் சேர்த்துத் துவையல் பதத்திற்குச் சுண்டக் காய்ச்சுங்கள். நேப்பிள்ஸில் தக்காளியைப் பச்சையாகவே பரப்புவார்கள். அங்கே அடுப்பின் கடும் வெப்பம் ஈரத்தை நொடியில் உலர்த்திவிடும். நமது தோசைக்கல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே ஈரத்தை நாமே முன்னதாக நீக்க வேண்டும். பாலாடைக்கட்டியைத் துருவி வைத்துக் கொள்ளுங்கள். இத்தாலியர் தூவும் பேசில் என்னும் இலை நமக்கு அயல் அன்று. திருநீற்றுப்பச்சிலை என்று நம் தோட்டங்களில் வளர்வதும் அவ்வினமே.

அடுத்து மாவு. மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து ஒருமுறை சலியுங்கள். துணியில் கட்டி நீர் வடித்த தயிர் ஏறத்தாழ 200 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவைக் காட்டிலும் சற்று இளக்கமாகப் பிசையுங்கள். பேக்கிங் பவுடர் இல்லையெனில், புளித்த தயிருடன் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா போதும். அதற்கு மேல் சேர்த்தால் சவர்க்காரச் சுவை தட்டும். மாவு பத்து நிமிடம் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டா. பிறகு மூன்றாகப் பிரித்து, கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த கனத்தில் வட்டமாக இடுங்கள்.

கனமான தோசைக்கல்லை மிதமான தீயில் நன்றாகக் காய வைத்து, எண்ணெய் தடவி, வட்டத்தைப் போட்டு மூடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் அடிப்புறம் பொன்னிறப் புள்ளிகள் தோன்றும். இப்போது திருப்பிப் போடுங்கள். வெந்த பக்கம் மேலே வந்துவிட்டது. தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் அதன் மேல்தான் பரப்ப வேண்டும். தீயைத் தணித்து, மீண்டும் மூடி, கட்டி உருகும் வரை நான்கைந்து நிமிடம் வையுங்கள். விறகடுப்பு மேலிருந்தும் கீழிருந்தும் ஒருங்கே வெப்பம் தரும். தோசைக்கல் கீழிருந்து மட்டுமே தரும். அக்குறையைத் திருப்பிப் போடுதல் நிறைவு செய்கிறது. நான் திருப்பாமல் விட்டேன். ஆகவேதான் நடுவில் வேகவில்லை.

“ரொட்டி அடுப்பில்லாமல் செய்வது பீட்சாவாகுமா?” என்று யாரேனும் கேட்டால் நேப்பிள்ஸ் மக்களையே சான்றாகக் காட்டுங்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்நகரம் பெரிதும் சிதைந்தது. விறகுக்கும் பாலாடைக்கட்டிக்கும் தட்டுப்பாடு. அக்காலத்தில் வீட்டுப் பெண்கள் வாசலில் வாணலியை வைத்து, மாவை எண்ணெயில் பொரித்துப் பீட்சாவாக விற்றார்கள். இன்று உண்டு எட்டு நாள் கழித்துப் பணம் தரலாம் என்று கடனுக்கும் கொடுத்தார்கள். ‘நேப்பிள்ஸின் தங்கம்’ என்னும் பொருளுடைய பெயர் கொண்ட 1954-ஆம் ஆண்டு இத்தாலியத் திரைப்படத்தில், சோபியா லோரன் அத்தகைய பீட்சா விற்கும் பெண்ணாகவே நடித்தார். அடுப்பில்லாத மக்கள் கண்ட குறுக்கு வழி, இன்று அந்நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இருப்பினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நாம் செய்யும் பீட்சாவில் உப்பலைப் பெறுகிறோம். காலம் தரும் சுவையை இழக்கிறோம். தயிரின் புளிப்பு அதில் ஒரு சிறு பங்கை ஈடு செய்யும், முழுவதையும் செய்யாது. ஓய்வுள்ள ஒரு விடுமுறை நாளில் ஈஸ்ட் சேர்த்து, மாவை இரவெல்லாம் காத்து, இரண்டையும் அருகருகே வைத்து உண்டு பாருங்கள். இழந்தது எது என்பதை நாவே சொல்லும்.

சென்ற மாதம் அதே பெண்கள் மீண்டும் வந்தார்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகே மாவில் தயிரை ஊற்றினேன். மூன்று வட்டங்களும் மீதமில்லாமல் தீர்ந்தன. “மாமா, இந்த முறை சோடாவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டீர்கள்” என்றாள் என் மருமகள். நீங்களும் அம்மரியாதையைக் கொடுத்துச் செய்து பாருங்கள்.